விண்ணப்பதாரர் உயிரோடு இருக்கிறார்

— நாலே நாலு வரி அத்தை. ரெண்டு மாசம் அலைய விட்டுட்டு, நாலு வரியில முடிச்சுட்டாங்க.

— சத்தமா படி. என் கண்ணாடி உள்ள கிடக்கு.

— ‘தங்கள் கடன் விண்ணப்பத்தைப் பரிசீலித்தோம். தற்போது அதை ஏற்க இயலவில்லை. தங்கள் ஆர்வத்துக்கு நன்றி.’ ஆர்வமாம்! நான் என்ன பாட்டுப் போட்டிக்கா பேர் குடுத்தேன்? லென்ஸ் வெட்டுற மெஷின் வாங்கக் கடன் கேட்டேன்.

— விடு கண்ணு. குடுக்கமாட்டேன்னா போறான். நீ பாட்டுக்கு உங்க முதலாளி கடையிலயே இரு.

— அவர்தான் இந்த வருஷத்தோட கடையை மூடுறாரே. பதினோரு வருஷமா நான் கண்ணாடி மாட்டிவிட்ட ஜனங்க அத்தனை பேரையும் என்கிட்டயே அனுப்புறேன்னு சொல்லியிருக்கார். முன் ரூம்ல ஒரு மெஷின், ஒரு மேஜை, ரெண்டு நாற்காலி. அது போதும் எனக்கு.

— முன் ரூம்ல என் பிள்ளையோட சைக்கிள் நிக்குது.

— அதை ஓரமா நகர்த்திக்கலாம்னு நீங்கதானே சொன்னீங்க?

— சொன்னேன். மெஷின் எங்க வரப்போகுதுங்கிற தைரியத்துல சொன்னேன்.

— அத்தை!

— உள்ளதைச் சொல்றேன். எனக்குப் பொய் பேச வராது.

— இருங்க, இருங்க. கடுதாசி பின்பக்கம் என்னமோ இருக்கு. எறும்பு ஊர்ற மாதிரி எழுத்து.

— யாரும் படிச்சுடக் கூடாதுன்னு போட்டிருப்பான்.

— கண்ணாடிக் கடைக்காரிகிட்டயா? கேளுங்க. ‘மறுப்புக்கான காரணத்தை எழுத்தில் பெற விண்ணப்பதாரருக்கு உரிமை உண்டு. முடிவெடுக்கப் பயன்பட்ட கடன் அறிக்கையின் நகலைக் கட்டணமின்றிப் பெறலாம். அதில் பிழை இருப்பின் திருத்தக் கோரலாம்.’ பார்த்தீங்களா? நாளைக்கே பேங்குக்குப் போறேன்.

— வேணாம். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாடி உக்காந்துக்கிட்டு மூஞ்சியில அடிச்ச மாதிரி பேசுவான். உன்னை ஒருத்தன் அப்படிப் பேசினா என்னால தாங்க முடியாது.

— அப்போ நீங்களும் வாங்க. நீங்க பக்கத்துல நின்னா எவன் பேசுவான்?

— அதென்னவோ வாஸ்தவம்தான்.

\* \* \*

— மேடம், இது சிஸ்டம் எடுத்த முடிவு. நான் இங்க கவுன்டர்ல உக்காந்திருக்கிறவன். என் கையில ஒண்ணும் இல்லை.

— உங்களைக் குத்தம் சொல்லலை சார். அந்த சிஸ்டம் எதுக்கு வேணாம்னுச்சுன்னு கேக்குறேன். எழுத்துல குடுங்க.

— ஸ்கோர் பத்தலைன்னு வச்சுக்கோங்களேன்.

— வச்சுக்கிறதுக்கு வரலை சார், தெரிஞ்சுக்கிறதுக்கு வந்திருக்கேன்.

— அம்மா, நீங்க பெரியவங்க. நீங்களாவது இவங்களுக்கு எடுத்துச் சொல்லுங்க. பின்னாடி எட்டு பேர் நிக்கிறாங்க.

— நிக்கட்டும் தம்பி. நாளைக்கு அவங்களுக்கும் இதே கடுதாசி வரலாம். காதுல வாங்கிக்கட்டும்.

— சரிம்மா, சரி. அடையாள அட்டையைக் குடுங்க மேடம். இந்தத் தாள்ல ஒரு கையெழுத்து போடுங்க. உங்க ரிப்போர்ட்டை எடுத்துத் தர்றேன்... மேடம், இது உங்க பேர்தானே?

— ஆமா.

— பிறந்த தேதியும் இதேதானா?

— அதேதான். ஏன் சார், முகம் ஒரு மாதிரி ஆயிடுச்சு?

— என் வாயால சொல்லச் சங்கடமா இருக்கு. நீங்களே படிச்சுக்கோங்க.

— ‘வாகனக் கடன். கடன்தாரர்கள் இருவர். கணக்கு முடிக்கப்பட்டது. முதல் நபர், இறந்துவிட்டார்.’ அது என் வீட்டுக்காரர். பால் வண்டி ஓட்டிட்டு இருந்தார். ‘இரண்டாம் நபர்...’ சார்! இதுல நானும் செத்துட்டேன்னு போட்டிருக்கு!

— அதனாலதான் மேடம் சிஸ்டம் ஏத்துக்கலை.

— செத்துப்போனவ எப்படி சார் வந்து விண்ணப்பம் குடுப்பா? அதை யாரும் யோசிக்கலையா?

— யோசிச்சிருக்கணும். நானும் பார்த்திருக்கணும்.

— தேதியைப் பாருங்க அத்தை. வண்டி கவிழ்ந்த மூணாம் நாள். அன்னிக்கு நான் ஆஸ்பத்திரியில நினைவில்லாம கிடந்தேனே. அந்தக் கடனைக்கூட இன்சூரன்ஸ்ல கட்டி முடிச்சு நாலு வருஷம் ஆச்சு. உயிரோட கிடந்தவளை யாரு சாகடிச்சது?

— எனக்குத் தலையைச் சுத்துது. வா, வீட்டுக்குப் போயிடலாம்.

— ஐயையோ, உக்காருங்க அத்தை. இந்தாங்க, தண்ணி குடிங்க. சார், இதை எப்படி மாத்துறது?

— இந்த ரிப்போர்ட்டைத் தயார் பண்ற கம்பெனிக்கு எழுதணும் மேடம். இதோ படிவம். அவங்க முப்பது நாளுக்குள்ள, அந்த வண்டிக் கடன் கம்பெனிகிட்ட ஆதாரம் கேட்டாகணும். இல்லைன்னா பதிவை எடுத்துடணும். திருத்தின ரிப்போர்ட் வந்ததும் நேரா என்கிட்ட வாங்க.

— நான் உயிரோட இருக்கேன்னு எதைக் காட்டி நம்பவைக்கிறது?

— அடையாள அட்டை நகலை வைங்க. மீதியை அவங்கதான் தேடணும். வேணும்னா நானும் ஒரு தாள்ல எழுதித் தர்றேன். ‘இன்று காலை பத்தரை மணிக்கு இவர் நேரில் வந்து என்னோடு அரை மணி நேரம் சண்டை போட்டார்’னு.

— எழுதுங்க சார். சீல் வச்சுக் குடுங்க.

\* \* \*

— அத்தை, தூங்கிட்டீங்களா?

— இல்லை.

— எப்படி ஆரம்பிக்கிறதுன்னு தெரியலை. ‘ஐயா, நான் உயிரோடு இருக்கிறேன்’னு எழுதினா நல்லாவா இருக்கு?

— நல்லாத்தான் இருக்கு.

— அப்புறம், ‘இந்தத் தவறு எப்படி நேர்ந்தது என்று எனக்குத் தெரியவில்லை’னு எழுதட்டுமா?

— கண்ணு...

— சொல்லுங்க.

— ஒண்ணுமில்லை. கையெழுத்தைப் பெருசா போடு. உன் எழுத்தும் அந்த பேங்க்காரன் எழுத்து மாதிரி பொடியா இருக்கு.

\* \* \*

— அத்தை! வந்துடுச்சு அத்தை! சரியா இருபத்தாறாம் நாள்!

— லாண்டரி வேலையில இன்னிக்கு முந்நூறு விரிப்பு மடிச்சேன். இடுப்பு விட்டுப்போச்சு. நீயே படி.

— ‘தங்களைப் பற்றிய பதிவு தவறானது எனத் தெரியவந்ததால் அது நீக்கப்பட்டது.’ எனக்கு உயிர் வந்துடுச்சு! மத்தியானமே கவுன்டர் சார்கிட்ட ஓடினேன். என் கண்ணு முன்னாடியே மறுபடி விண்ணப்பம் போட்டார். பாஸ்! திங்கக்கிழமை போய்க் கையெழுத்து போட்டா மெஷினுக்கு ஆர்டர் குடுத்துடலாம்.

— ரொம்ப சந்தோஷம். நல்லா இரு.

— எங்க எழுந்து போறீங்க? இன்னொரு தாள் இருக்கு. வண்டிக் கடன் கம்பெனி குடுத்த விளக்கம்.

— அது எதுக்கு இப்போ? காரியம்தான் முடிஞ்சுதே.

— ‘தவணைக்காக அழைத்தபோது, கடன்தாரரின் தாயார் தொலைபேசியில் கூறியதை வைத்து, சான்றிதழ் பெறாமலேயே பதிவு செய்துவிட்டோம். வருந்துகிறோம்.’

— விடு கண்ணு, இடுப்பு வலிக்குது. நான் போய்ப் படுக்குறேன்.

— அத்தை, இங்க பாருங்க.

— பார்க்க மாட்டேன். எந்த முகத்தை வச்சுக்கிட்டுப் பார்ப்பேன்? அன்னிக்கு கவுன்டர்ல நீ தேதியைச் சொன்னியே, அப்பவே எனக்குப் புரிஞ்சுபோச்சு. உன்கிட்ட சொல்லிடணும்னு தினமும் வாயெடுப்பேன். வேற எதையாவது பேசிட்டுப் போயிடுவேன்.

— என்ன நடந்துச்சு?

— அவனை மண்ணுக்குள்ள வச்சுட்டு வந்து உன் கட்டில் பக்கத்துல உக்காந்தேன். நீ கண்ணைத் திறக்கலை. டாக்டர்கிட்ட கேட்டா, பார்க்கலாம், பார்க்கலாம்னே சொன்னார். அவன் போன் என் மடியில இருந்துச்சு. காலையிலேருந்து அஞ்சு தடவை அடிச்சான் ஒருத்தன். தவணை எப்போ, தவணை எப்போன்னு. ஆறாவது தடவை என்னையும் மீறிக் கத்திட்டேன். எல்லாரும் செத்துட்டாங்கடா, இனிமே யாருகிட்ட வாங்கப்போற, போனை வைடான்னு. என்ன பேசினேன்னு முழுசா ஞாபகம்கூட இல்லை. அப்புறம் அவன் அடிக்கவே இல்லை. அடங்கிட்டான்னு நினைச்சேன். எழுதி வச்சுக்கிட்டான்னு எனக்கென்ன தெரியும்?

— அழாதீங்க.

— நீ பிழைக்கணும்னு ஒரு வாய் தண்ணிகூடக் குடிக்காம உக்காந்திருந்தவ நான். அதே வாயால உன்னைச் சாகடிச்சிருக்கேனே! கிழவி சைக்கிளை நகர்த்த மனசில்லாம வேணும்னே மறைச்சுட்டாள்னு நினைச்சிருப்ப.

— நினைக்கலை.

— நினைச்சாலும் தப்பில்லை. கண்ணு, மெஷின் வரட்டும். நீ தலையெடு. தனியா வீடு பார்த்துப் போறதா இருந்தாலும் போ. உன்னைக் கட்டி வைக்க எனக்கு என்ன உரிமை இருக்கு?

— நீங்க பேசிட்டீங்க. இப்போ நான் பேசட்டுமா?

— திட்டுறதுன்னா நல்லா திட்டிடு. மனசுல வச்சுக்காதே.

— நான் எப்படி முழிச்சேன்னு டாக்டருக்கே புரியலைன்னு எல்லார்கிட்டயும் சொல்வீங்களே.

— ஆமா. அன்னிக்குச் சாயங்காலம்தான் கண்ணைத் திறந்த.

— நீங்க கத்தினது எனக்குக் கேட்டுச்சு அத்தை. அது போன்ல, கடன்காரன்கிட்டன்னு இந்தத் தாளைப் பார்த்துத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்.

— என்னடி சொல்ற?

— ஏதோ ஆழத்துல கிடந்துக்கிட்டு கேக்குற மாதிரி. அவர் போயிட்டார்னு எனக்குத் தெரிஞ்சதே அப்போதான். அப்படியே நானும் போயிடலாம்னுதான் இருந்துச்சு.

— அப்படியெல்லாம் சொல்லாதே.

— ஆனா நீங்க ‘மருமக செத்துட்டா’ன்னு சொல்லலை. ‘என் பிள்ளையும் போயிட்டான், என் பொண்ணும் போயிட்டா’ன்னு கத்தினீங்க. இவங்களுக்கு ஏது பொண்ணு, யாருன்னு பார்க்கத்தான் அத்தை நான் கண்ணைத் திறந்தேன்.