இடது ஓரத்து ஜன்னல்

தம்பி: திரையை விலக்காதக்கா. அந்த ஆபீசர் அம்மா இன்னும் தெருவுலதான் நிக்கறாங்க.

அக்கா: நின்னா நிக்கட்டுமே. சின்னக் கத்தியை எடுத்து ஜன்னலைச் சரக்குன்னு சுரண்டினாங்க, பச்சை பெயிண்டுக்குக் கீழ வெள்ளை பிளாஸ்டிக் பல்லைக் காட்டிடுச்சு. இனிமே ஒளிஞ்சு என்ன ஆகப்போகுது?

தம்பி: என்ன எழுதறாங்க?

அக்கா: மாடியிலருந்து நோட்டுப் புத்தகத்தைப் படிக்க நான் என்ன பருந்தா? அண்ணாந்து பார்க்கறாங்க… குடையை விரிக்கறாங்க… போயிட்டாங்க.

தம்பி: அந்தம்மா குடுத்த காகிதத்தைக் குடு. இன்னொரு தடவை பார்க்கறேன்.

அக்கா: நாலு தடவை படிச்சாச்சு. நம்ம தெரு பாரம்பரியப் பகுதி. பழைய வீடு. தெருவைப் பார்த்த ஜன்னலைக் கேக்காம மாத்தக்கூடாது. நாம மாத்திட்டோம். மறுபடி மர ஜன்னல் வெச்சு அவங்க வந்து பார்த்து ஒப்புக்கற வரைக்கும் வீட்டை யாருக்கும் எழுதிக் குடுக்க முடியாது. அவ்வளவுதான்.

தம்பி: அவ்வளவுதானா! வெள்ளிக்கிழமை பத்திரப் பதிவு. இன்னிக்குத் திங்கள். வீட்டை வாங்கப்போற விடுதிக்காரர் பேனா மூடியைத் திறந்து வெச்சுட்டு உட்கார்ந்திருக்கார். நீ என்னமோ பால் திரிஞ்ச மாதிரி அவ்வளவுதான்ங்கற.

அக்கா: கத்தினா பிளாஸ்டிக் மரமாயிடுமா?

தம்பி: கத்தல… யோசிக்கறேன். ஜன்னலை மாத்தி ரெண்டு வருஷம்க்கா. ரெண்டு வருஷமா இந்தத் தெருவுல ஒரு ஈ, காக்கா கண்டுபிடிக்கல. விக்கப்போற வாரத்துல எவனோ மனு போட்டிருக்கான். எவன்?

அக்கா: ஆரம்பிச்சுட்டியா. சின்ன வயசுல பென்சில் காணாமப் போனாலே வீட்டையே வரிசையா நிக்க வெச்சு விசாரிப்ப.

தம்பி: பென்சில் கிடைச்சுதா இல்லையா?

அக்கா: உன் காதுமேல இருந்தது.

தம்பி: கிண்டல் அப்புறம். எதிர்வீட்டு வாத்தியார்தானே? குப்பைத்தொட்டி ஒரு அடி நகர்ந்தாலே மனு எழுதற ஆளு.

அக்கா: பாவம், அவரை இழுக்காத. ரெண்டு கண்ணுலயும் புரை. நேத்து என்னைப் பார்த்து, ‘தம்பி, பேப்பர் ஏன் லேட்டு’ன்னு கேட்டார். அவர் மூணு ஜன்னலைப் பார்த்து எது மரம், எது பிளாஸ்டிக்னு சொல்லப்போறாராக்கும்.

தம்பி: அப்போ ஜன்னல் போட்ட ஆசாரி.

அக்கா: சொன்னா முதல்ல மாட்டறது அவர்தானே? பச்சையைக் கலந்து கலந்து, பக்கத்து ஜன்னலோட ஒப்பிட்டு, மூணு நாள் பெயிண்ட் அடிச்ச மனுஷன். அவரே வந்து தெருவுல நின்னு, ‘எதும்மா நான் போட்டது’ன்னு கேட்டார்.

தம்பி: சரி. இப்போ ஒரு விஷயம் சொல்றேன். நீ தண்ணி எடுத்துட்டு வரக் கீழ போனியே, அப்போ அந்தம்மா என்கிட்ட சொன்னாங்க. வந்தது ஒரு மனு இல்ல. ரெண்டு.

அக்கா: ரெண்டா?

தம்பி: ஏன் அப்படிப் பார்க்கற?

அக்கா: இல்ல… ரெண்டு பேருக்கு நம்ம மேல அவ்வளவு அக்கறையான்னு.

தம்பி: கேளு. முதல் மனு தபால்ல வந்திருக்கு, பேரில்லாம. ‘மாடியில இடது ஓரத்து ஜன்னல்’னு எழுதியிருக்கு. அந்தம்மா வந்து தெருவுல நின்னு இடது ஓரத்தைப் பார்த்திருக்காங்க. நல்ல மரம். யாரோ வேலையில்லாதவன்னு முடிவு பண்ணி ஃபைலை மூடிட்டுப் போயிட்டாங்க. ஒன்பது நாள் கழிச்சு ரெண்டாவது மனு. அதுலயும் இடது ஓரம்.

அக்கா: சரி…

தம்பி: ரெண்டு பேர், ரெண்டு மனு, ஒரே தப்பு. அப்போதான் அவங்களுக்குச் சந்தேகம் தட்டியிருக்கு. மூணையும் சுரண்டிப் பார்த்துடுவோம்னு கத்தியோட வந்துட்டாங்க.

அக்கா: தப்புன்னு ஏன் சொல்ற? பிளாஸ்டிக் இருக்கறது இடது ஓரத்துலதானே?

தம்பி: ஆங். அதைத்தான் எதிர்பார்த்தேன். எந்திரி. நீ இப்போ தெருவைப் பார்த்து நிக்கற. இடது கைப்பக்கம் கடைசி, என் ரூம் ஜன்னல், பிளாஸ்டிக். சரியா?

அக்கா: சரி.

தம்பி: இப்போ மனசால கீழ இறங்கி, ரோட்டைத் தாண்டி, வாத்தியார் வீட்டு வாசல்ல நின்னு இந்த வீட்டைப் பாரு. என் ரூம் எந்தப் பக்கம்?

அக்கா: …வலது பக்கம்.

தம்பி: தெருவுல போறவன் எவனுமே இடதுன்னு எழுத மாட்டான். இந்த வீட்டுக்குள்ள நின்னு பார்க்கறவங்களுக்குத்தான் அது இடது. சின்ன வயசுலருந்து நாம அப்படித்தானே சொல்றோம்? இடது ஜன்னல், நடு ஜன்னல், படிக்கட்டு ஜன்னல்.

அக்கா: மீட்டர் பார்க்க வர்ற பையன் கூடத்தான் உள்ள வர்றான்.

தம்பி: மீட்டர் கீழ இருக்கு. இன்னும் இருக்கு, கேளு. முதல் மனுவுல ஒரு வரியை அவங்க படிச்சே காட்டினாங்க. ‘மூலையைப் பார்க்கவும். மர ஜன்னலில் ஒரு கட்டை நேராக ஓடும், மற்றது அதில் செருகியிருக்கும். இதில் ஒவ்வொரு மூலையிலும் சாய்வாக ஒரு கோடு இருக்கிறது.’ அந்தக் கோட்டை ஆசாரி மக்குப் பசை வெச்சு மறைச்சு, மேல பெயிண்ட் அடிச்சார். பகல் வெளிச்சத்துல, மூக்கு முட்டற தூரத்துல நின்னாத்தான் தெரியும். அதுவும் அந்த ஜன்னலைத் தினம் துடைக்கற ஆளுக்குத்தான்.

அக்கா: நீ ரயில் ஓட்டப் போயிருக்கவே கூடாதுடா. போலீஸ்ல சேர்ந்திருக்கணும்.

தம்பி: பேச்சை மாத்தாத. பழைய மர ஜன்னல் எங்கன்னு அந்தம்மா கேட்டப்போ நீ என்ன சொன்ன?

அக்கா: ஆசாரி விறகுக்கு எடுத்துட்டுப் போயிட்டார்னு.

தம்பி: மாடிப்படிக்குக் கீழ, பழைய போர்வையில சுத்தி, கயிறு கட்டி நிக்குதே, அது என்ன விறகு? கொக்கி, தாழ்ப்பாள் எல்லாம் எண்ணெய் போட்டுத் துடைச்சு வெச்சிருக்க. அதை எடுத்து ஆசாரிகிட்டக் குடுத்தா ஒரு நாள்ல மாட்டிடுவார். புதன்கிழமை அவங்க வந்து பார்ப்பாங்க. வெள்ளிக்கிழமை பதிவு. ஒரு தடங்கலும் இல்ல. நீ ஏன் இல்லைன்னு சொன்ன?

அக்கா: மறந்துட்டேன்.

தம்பி: மருந்துக்கடையில ஆயிரம் மருந்து எந்த அலமாரியில எந்தத் தட்டுன்னு கண்ணை மூடிட்டுச் சொல்ற. மாடிப்படிக்குக் கீழ இருக்கறதை மறந்துட்டியா?

அக்கா: …சரி. நான்தான். போதுமா? நான்தான் எழுதினேன்.

தம்பி: உன்மேல நீயே மனு போட்டிருக்க.

அக்கா: வேற யார்மேல போடறது? தப்புப் பண்ணினது நான்தானே. எழுதி, தபால்ல போட்டு, பத்து நாள் வாசலையே பார்த்துட்டு உட்கார்ந்திருந்தேன். அந்தம்மா வந்தாங்க. திரைக்குப் பின்னாடி நான் நிக்கறேன். அண்ணாந்து பார்க்கறாங்க, பார்க்கறாங்க… படிக்கட்டு ஜன்னலையே பார்க்கறாங்க. அப்புறம் கிளம்பிட்டாங்க. அம்மா, அது இல்ல, மறு பக்கம்னு கூப்பிடலாம்னு வாய் வரைக்கும் வந்துடுச்சுடா.

தம்பி: சிரிக்க வைக்காத. நான் கோவமா இருக்கேன்.

அக்கா: கோவமா இருக்கறவன் மூஞ்சி இப்படி இருக்காது.

தம்பி: ஏன்க்கா? வீட்டை விக்க இஷ்டமில்லைன்னா ஒரு வார்த்தை என்கிட்ட சொல்லியிருக்கலாமே.

அக்கா: எப்படிச் சொல்றது? போன வருஷம் இதே நாற்காலியில உட்கார்ந்து, ‘உனக்கு இந்த வீடு ரொம்பப் பெருசுக்கா, தனியா அல்லாடற’ன்னு சொன்னது யாரு? சரி, இவன் ரிட்டயர் ஆகப்போறான். எங்கயாவது சின்னதா ஒரு இடம் பார்த்து ஒதுங்கணும்னு நினைக்கறான், நான் குறுக்க நிக்கறேன்னு எடுத்துக்கிட்டேன். வித்துடலாம்னு சொன்னேன். நீயும் மறு பேச்சுப் பேசாம சரின்னுட்ட.

தம்பி: நீ சொன்னதாலதான் சரின்னேன். உனக்கு இந்த வீடு ஆகலைன்னு நினைச்சேன்.

அக்கா: எனக்கு ஆகலைன்னு எப்போ சொன்னேன்?

தம்பி: சொல்லணுமா? குளிரு தாங்கலன்னு ஜன்னலையே பேத்து எடுத்துட்ட. பாரம்பரியம், சட்டம்னு எனக்கே வகுப்பெடுக்கற ஆளு, கேக்காம கொள்ளாம பிளாஸ்டிக்கைக் கொண்டு வந்து மாட்டினா என்ன அர்த்தம்? அவ்வளவு வெறுத்துட்டான்னுதானே அர்த்தம்?

அக்கா: கூறு கெட்டவனே… அது யாரு ரூமு?

தம்பி: என் ரூமு.

அக்கா: நான் அந்த ரூம்ல படுக்கறேனா?

தம்பி: …இல்ல.

அக்கா: மாசத்துல ஆறு நாள், விடிஞ்சும் விடியாம வண்டியை விட்டுட்டு வந்து விழுவ. பகல்ல தூங்கணும். கீழ ஒரு பஸ் போனா அந்தப் பழைய மரச் சட்டம் கடகடன்னு ஆடும். நீ புரண்டு புரண்டு படுப்ப. நடுவுல எந்திரிச்சு, காகிதத்தை மடிச்சு இடுக்குல சொருகுவ. ஒரு நாள் சாயங்காலம் தூங்காத கண்ணோட வண்டி எடுக்கப் போனியே… எண்ணூறு பேரை ஏத்திட்டு. நீ ஊர் போய்ச் சேர்ந்தேன்னு போன் பண்ற வரைக்கும் நான் கடையில எந்த மருந்தை யாருக்குக் குடுத்தேன்னு எனக்கே தெரியாது. மறுநாளே ஆசாரியைக் கூப்பிட்டேன். மரத்துலயே ரெட்டைக் கண்ணாடி போடலாம், அனுமதி வர ஆறு மாசம் ஆகும்னார். ஆறு மாசம் உன்னைத் தூங்காம ஓட்டச் சொல்லவா?

தம்பி: என்கிட்ட சொல்லவே இல்லியே நீ.

அக்கா: சொன்னா மாத்த விடுவியா? ‘எனக்காகவா, வேண்டவே வேண்டாம்’னு குதிப்ப. சரி விடு. நீ கண்டுபிடிச்சுட்ட, நான் ஒத்துக்கிட்டேன். போய் அந்தப் போர்வையைப் பிரி. நான் ஆசாரிக்கு போன் பண்றேன். வெள்ளிக்கிழமை தவறாம எழுதிக் குடுத்துடலாம். என்னடா, நாற்காலியோட ஒட்டிக்கிட்ட?

தம்பி: ஆசாரி மத்தியானம் தூங்கற நேரம்.

அக்கா: மணி பதினொண்ணு.

தம்பி: மழை வேற பெய்யுது.

அக்கா: ஜன்னல் நம்ம வீட்டுக்குள்ளதான் இருக்கு. மாடிப்படி இறங்கக் குடை வேணுமா? …இரு. அந்த ஜன்னலை நீ எப்போ பார்த்த?

தம்பி: காலைல. செருப்பு தேடறப்போ.

அக்கா: அப்போ அந்தம்மா கேட்டப்போ அது இருக்கறது உனக்குத் தெரியும். நான் விறகுன்னு சொன்னேன். நீ பக்கத்துலயே நின்னுட்டு, ‘ஆமாம் மேடம், எரிச்சிருப்பாங்க’ன்ன.

தம்பி: உன்னைக் காட்டிக் குடுக்க வேண்டாம்னுதான்.

அக்கா: மனு போட்டது நான்னு உனக்கு அப்போ தெரியாதே. அதை இப்போதானே கண்டுபிடிச்ச? வெள்ளிக்கிழமைதான் உனக்கு முக்கியம்னா நீ அப்பவே ஓடிப்போய் அந்த ஜன்னலைத் தூக்கிட்டு வந்திருக்கணும்.

தம்பி: யோசிக்கல.

அக்கா: எல்லாத்தையும் யோசிக்கற ஆளு. இன்னொண்ணு. அந்தம்மா காகிதத்துல எழுத உன் பேரைக் கேட்டாங்க. நீ சொன்னதும் பேனா அப்படியே நின்னுடுச்சு. நிமிர்ந்து உன்னை ஒரு பார்வை பார்த்தாங்க. இன்னொரு தடவை கேட்டாங்க. எனக்கு அப்போ புரியல.

தம்பி: என் பேரு கொஞ்சம் நீளம்.

அக்கா: தம்பி. நான் எழுதினது ஒரு மனுதான். அந்த இன்னொரு ஆளும் உள்ள நின்னுதான் இடதுன்னு எண்ணியிருக்கான். ஆசாரி இல்ல. நான் இல்ல.

தம்பி: முப்பத்திரண்டு வருஷம்க்கா. ஒவ்வொரு ஊர்லயும் ஓய்வறை, ஒவ்வொரு கட்டில்லயும் இன்னொருத்தன் படுத்துட்டுப் போன சூடு. தூங்கினேன்னு சொல்லணும்னா அது அந்த ரூம்ல மட்டும்தான். ரிட்டயர் ஆனதும் இங்கயே வந்துடறேனேன்னு கேக்கலாம்னுதான் அன்னிக்கு வாயைத் திறந்தேன். எப்படிக் கேக்கறதுன்னு தெரியாம, வீடு பெருசுன்னு ஆரம்பிச்சேன். நீ அதுக்குள்ள வித்துடலாம்னுட்ட.

அக்கா: நான் கேட்டதுக்கு நேரா பதில் சொல்லு. ரெண்டாவது மனு யாரு?

தம்பி: ஆணியில மாட்டியிருக்கே, என் சட்டைப் பையில கையை விடு. நேர்ல போய்க் குடுத்தா பேரெழுதி, முத்திரை போட்டு ரசீது தர்றாங்க.