தாழ்வாரத்தில் ஒரு படம்

அந்தப் படத்தில் நான் கொஞ்சம் குண்டாகத் தெரிவேன், ஐயா. ரத்த வங்கிக்கு வெளியே, தாழ்வாரத்தில் மாட்டியிருக்கிறார்கள். போன வருடம் பிரசவத்துக்கு வந்த பெண்ணுக்குத் தவறான வகை ரத்தம் போக இருந்தது. கடைசி நிமிடத்தில் நான் பார்த்து நிறுத்தினேன். அதற்காக மாட்டியது.

"அக்கா, மாலை ஒண்ணுதான் பாக்கி" என்பான் கூட வேலை பார்த்த தம்பி. ஓயாமல் பேசுவதால் அவனுக்கு வானொலி என்று பெயர். இரண்டு பெண் குழந்தைகளுக்கு அப்பா.

ரத்தம் எடுத்த பிறகு, கட்டிலருகே நின்றுதான் குழாயில் பெயர்ச்சீட்டு ஒட்ட வேண்டும். எடுத்தவர் கையெழுத்துப் போட வேண்டும். படம் மாட்டியபின் நான் முன்கூட்டியே ஒட்டிக்கொண்டு போவேன். கையெழுத்தும் போடுவதில்லை. என்னிடம் யார் கேட்கப்போகிறார்கள்.

அன்று காலை ஆறாம் கட்டில் தச்சருக்கும் ஏழாம் கட்டில் ஓட்டுநருக்கும் எடுத்தேன். தச்சருக்கு ரத்தப் பை போய்விட்டது. பிறகு ஓட்டுநரின் குழாயைச் சோதித்தேன். ஓ என்றது. அவருடைய பழைய சீட்டில் பி. குழாய்கள் மாறியிருந்தன. ஓ வகைத் தச்சருக்கு பி ஏறிக்கொண்டிருந்தது.

தொலைபேசியை எடுத்தேன். வார்டின் எண் மூன்று இலக்கம். இரண்டை அழுத்திவிட்டேன். வெளியே மருத்துவமனைத் தலைவர் விருந்தினர்களுக்குப் படத்தைக் காட்டினார். "இவங்க கண்ணுக்குத் தப்பி எதுவும் போகாது." கண்ணாடி வழியாக எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தொலைபேசியை வைத்துவிட்டுப் புன்னகைத்தேன்.

அவர்கள் போகப் பத்து நிமிடம் ஆனது. அதற்குப் பிறகும் அழைக்கவில்லை. ஏன் பத்து நிமிடம் தாமதம் என்று கேட்பார்களே.

தச்சர் அன்றே இறந்தார்.

விசாரணையில், ஆறாம் கட்டிலுக்கு எடுத்தது வானொலி என்றேன். அவனும் காலையில் அந்த வார்டுக்குப் போயிருந்தான். அவன் சண்டை போடுவான் என்று நினைத்தேன்.

"எனக்கு ஞாபகமே இல்ல. ஆனா அக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றான்.

வேலை போனது. பேச்சும் நின்றுவிட்டது என்று அவன் மனைவி சொன்னாள். போன செவ்வாய்க்கிழமை அவன் தன் உயிரை மாய்த்துக்கொண்டான்.

அவன் படத்துக்கு முதல் மாலை நான்தான் போட்டேன். அவன் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்களாவது வந்தீங்களே அக்கா." கூடத்தில் இருந்தவர்கள் எனக்கு வழிவிட்டு நின்றார்கள்.

தச்சரைக் கொன்றது நான். தம்பியையும் நான்தான். யாரும் என்னைச் சந்தேகிக்கவில்லை. நானாகத்தான் வந்து சொல்கிறேன். அதைத் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. என் இடத்தில் வேறு யாராவது இருந்திருந்தால் வந்திருப்பார்களா?