அறுபத்தெட்டு கிலோ

சிவப்பு பீன்ஸை முந்தின நாளே ஊறவைத்துவிட்டால் சீக்கிரம் வெந்துவிடும், ஐயா. பூண்டும் மல்லித்தழையும் தூக்கலாக இருந்தால் உப்பு இல்லாததுகூடத் தெரியாது. என் கணவருக்கு இதய நோய் என்று தெரிந்த பிறகு அப்படித்தான் சமைத்தேன். முதல் நான்கு மாதம்.

என் பெயர் எடுவிகிஸ். அவர் அனாக்லெத்தோ, கடலோர ஊரான இந்தப் பாராஹோனாவில் மீன் பிடிப்பவர். முப்பத்தொரு வருடம் சேர்ந்து வாழ்ந்தோம். குடித்துவிட்டு வந்தால், படியில் கேட்கும் காலடியை வைத்தே அடி எங்கே விழும் என்று சொல்லிவிடுவேன். இந்த மணிக்கட்டு ஒருமுறை உடைந்தது. குறையாகச் சொல்லவில்லை, நீங்கள் கேட்டதால் சொல்கிறேன்.

வருடக்கணக்கான இரத்தக் கொதிப்பும் ரம்மும் சேர்ந்து இதயத்தைத் தளர்த்திவிட்டன என்றார் டாக்டரம்மா நிதியா. இரத்தத்தைத் தள்ளும் தெம்பு அதற்கு இல்லையாம்.

“தினமும் காலையில எடை பாருங்கம்மா. மூணு நாள்ல ரெண்டு கிலோ ஏறிச்சுன்னா அது சதை இல்ல, தண்ணி. உடனே கூட்டிட்டு வாங்க, மருந்து கொடுத்து இறக்கிடலாம். உப்பு மட்டும் ஆகவே ஆகாது.”

நன்றாகவே புரிந்தது. அவருக்குக் கண்ணில் புரை. எடை எந்திரத்தின் எண்ணை நான்தான் படித்துச் சொல்வேன். வழக்கமாக அறுபத்தெட்டு.

மூச்சு வாங்குகிறவரால் கத்த முடியாது, ஐயா. வீடு அவ்வளவு அமைதியாக இருந்தது. குடியை விட்டார். மாத்திரையை ஒருவேளைகூடத் தவறவிடவில்லை. “எடுவி, உன்னை ரொம்பப் படுத்திட்டேன்டி,” என்று ஒருநாள் அழுதார்.

பிறகு தேறத் தொடங்கினார். ஒரு மத்தியானம் தனியாகத் துறைவரை போய்த் திரும்பினார். படியில் அதே பழைய காலடி, இரைப்பே இல்லாமல். என் கையிலிருந்த பாத்திரம் நழுவி, வாழைக்காய்த் துண்டுகள் தரையெல்லாம் சிதறின. சுவரோடு ஒட்டிக்கொண்டேன்.

அவர் குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். “என்னடி, பேயைப் பார்த்த மாதிரி நிக்கிறே?” என்று சிரித்தார்.

இன்றைக்குப் பொறுக்குகிறார் என்று நினைத்தேன்.

மறுநாள் பீன்ஸில் இரண்டு சிறு கரண்டி உப்பு போட்டேன். உப்பிட்டுக் காயவைத்த மீனை அலசாமல் சமைத்தேன்.

“உப்பு போட்டியா?”

“டாக்டரம்மா கொஞ்சம் சேர்க்கலாம்னாங்க.”

“அதான் நாக்குக்கு உசுரு வந்துச்சு.”

இரண்டு நாள் கழித்து எந்திரம் எழுபது காட்டியது. அறுபத்தெட்டு என்றேன். பிறகு எழுபத்திரண்டு. அன்றும் அறுபத்தெட்டு என்றேன். கணுக்காலை அழுத்தினால் விரல் குழி அப்படியே நின்றது. படுத்தால் மூச்சு முட்டுகிறதென்று நாற்காலியிலேயே தூங்கினார். படியேற முடியாத அளவுக்கு நோய் இருந்தால் போதும் என்றுதான் தொடங்கினேன். அந்த அளவு வந்த பிறகும் உப்பை நிறுத்தவில்லை.

கடைசிக் காலை எழுபத்தைந்தரை. உதடு நீலம் பாரித்திருந்தது. என் பாவாடையைப் பிடித்துக்கொண்டார்.

“எடுவி... பயமா இருக்குடி. எவ்வளவு காட்டுது?”

“அறுபத்தெட்டுதாங்க.”

“அப்ப... ஒண்ணுமில்ல.”

பிடி தளர்ந்தது. ஆம்புலன்ஸின் எண் சுவரில் எழுதியிருந்தது. நான் அழைக்கவில்லை. பத்து மணிக்குள் முடிந்துவிட்டது.

கொன்றது நான்தான், மறுக்கவில்லை. ஆனால் பயத்தோடு வாழ்வது என்னவென்று எனக்குத் தெரியும், ஐயா. அதனால்தான் கடைசிவரை அவரைப் பயப்படவிடாமல் பார்த்துக்கொண்டேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.