மூலை கூரான கேக் டின்

இணைய ஏலத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் இரண்டு பேரைத்தான் சொல்வார்கள்: ஏமாற்றிய விற்பனையாளர், ஏமாந்த வாங்குநர். நடுவில், பொட்டலத்தை அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு, அதன் பின் வரும் வசவு முழுவதையும் நின்றபடியே கேட்டுத் தீர்க்கிற தபால் நிலையக்காரியை யாரும் ஓர் ஆளாக எண்ணுவதில்லை. மர்ரே ஆற்றங்கரையில், திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே கிடக்கும் வில்லாரா என்ற சிற்றூரில் அவள் பெயர் ராலீன் ஷுல்ட்ஸ். ஊர் விவசாயக் கண்காட்சியின் பழக்கேக் போட்டிக்கு ஆண்டுதோறும் அவளும் ஒரு கேக் கொண்டுபோய் வைப்பாள். ஆறு ஆண்டுகளாக அதை ஒருவரும் கவனித்ததில்லை. கீழே இருப்பது, செப்டம்பர் மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், ஏலத்தில் எடுத்த பொட்டலத்தை வாங்க வந்த கிளெனிஸ் பாஸ்கோ அவளிடம் பேசியது. ராலீன் பேசியது எதுவும் இதில் இல்லை. அதற்கு இடம் விடப்படவில்லை.

"...இல்ல ராலீன், நீயே பாரு. வெளிச்சத்துக்கு நேரா தூக்கிப் பிடி. தெரியுதா? நாலு ஓட்டை. கேக் டின்னுல எவளாவது ஓட்டை போடுவாளா? பூந்தொட்டியா வச்சிருந்திருக்கா வித்த மகராசி. போட்டோவுல உள்ள ஒரு செடி இருந்துச்சு, நான் என்ன நெனச்சேன், சும்மா அழகுக்கு வச்சிருக்கான்னு நெனச்சேன். அடியை எப்படிப் பாக்கறது, மண்ணு இருக்கே. 'பல வருஷம் பயன்பட்டது'ன்னு எழுதியிருந்தா. பயன்பட்டுச்சு, பயன்பட்டுச்சு... செடிக்கு.

ஏலத்துல எடுத்ததுல இது மூணாவது டின்னு. மொதல்ல வந்தது மூலை வளைஞ்சது. இதே கவுண்டர்லதான பிரிச்சேன், நீ கத்தரிக்கோல் குடுத்தியே. அவ என்ன பண்ணியிருந்தா, டின்னுக்குள்ள ஒரு துணியை மடிச்சுப் போட்டு மேல இருந்து போட்டோ எடுத்திருந்தா. துணி சதுரம், டின்னு வட்டத்துக்குத் தங்கச்சி. நம்ம ஷோவுல விதி என்ன? இருபது சென்டி, சதுரம், மூலை நாலும் கத்தி மாதிரி கூரா இருக்கணும். கொஞ்சம் வளைஞ்சிருந்தா நடுவர் அம்மா வெட்டிக்கூடப் பாக்காது. கடையில இப்ப விக்கிறதெல்லாம் வளைஞ்சதுதான். கழுவ சுலபமாம். சோம்பேறிங்களுக்குன்னே செய்யறானுங்க.

ரெண்டாவது வந்தது ஞாபகம் இருக்கா? இத்தனூண்டு. பொம்மை வீட்டுக்கு. அந்த ஆளு பக்கத்துல ரெண்டு முட்டை வச்சு போட்டோ போட்டிருந்தான். முட்டையை வச்சு அளவு தெரிஞ்சுக்கலாம்ல, நல்ல மனுஷன், யோசிச்சு வச்சிருக்கான்னு நெனச்சேன். காடை முட்டை, ராலீன். புள்ளி புள்ளியா இருந்துச்சு, சரி, கழுவாத முட்டை போலன்னு விட்டுட்டேன். புகார் எழுதினா பதில் போடறான்: 'அம்மா, அது காடை முட்டைன்னு கீழ எழுதியிருக்கேன்'னு. கீழ எழுதினா? கீழ யாரு படிக்கிறா?

என் வீட்டுக்காரர் கென் சொல்றாரு, ஓட்டையை சிலிகான் வச்சு அடைச்சுடலாம்னு. இது கேக்கா, குளியலறைத் தொட்டியான்னு கேட்டேன். மேக்பைப் பறவை பறந்து வந்து கொத்துதுன்னு ஐஸ்கிரீம் டப்பாவைத் தலையில கவுத்துக்கிட்டுத் தோட்டத்துக்குப் போயிட்டாரு. அந்தப் பறவை இருபது வருஷமா அவரை மட்டும்தான் கொத்துது. அதுக்கும் ஒரு காரணம் இருக்கும்.

நீ வேலையைப் பாரும்மா, நான் பாட்டுக்குப் பேசிக்கிட்டிருக்கேன். ஆனா ஒண்ணு, இன்னைக்கு சுட்டாத்தான் உண்டு. ஷோவுக்கு மூணு வாரம் இருக்கு, பழக்கேக்கை மூணு வாரமாவது தாள்ல சுத்தி வச்சாத்தான் பதமாகும். பழம் சனிக்கிழமையே ஊறப் போட்டாச்சு. ஷெர்ரி ஒயின்ல இல்ல, எல்லாரும் அங்கதான் தப்பு பண்றாங்க. ஆறிப்போன கட்டித் தேநீர்ல ஊறணும், கடைசி நாள்தான் ஷெர்ரி. இதை நான் யார்கிட்டயும் சொன்னதில்ல. உன்கிட்ட சொன்னா என்ன, நீ என்ன பண்ணப் போறே.

நீயும் ஒண்ணு வைக்கிறேல்ல? வைக்கிறே, வைக்கிறே. எது உன்னுதுன்னுதான் எனக்கு ஞாபகம் வரமாட்டேங்குது. ஓரத்துல இருக்குமே, அதுவா? பரவாயில்ல, கலந்துக்கறதுதான் முக்கியம்.

என்ன எழுதறே? பார்சல் நம்பரா? எழுது எழுது.

அப்புறம், கிஸ்மிஸைக் கத்தரிக்கோலால மூணா வெட்டணும். ரெண்டா வெட்டினா நடுவர் அம்மா கண்டுபிடிச்சிரும். டின்னுக்கு வெளிப்பக்கம் செய்தித்தாளைச் சுத்தி நூல் கட்டணும், இல்லன்னா ஓரம் கறுத்துரும். எல்லாத்துக்கும் மேல ஒரு ஆப்பிள். பச்சை ஆப்பிள், துருவிப் போடணும். வெட்டினா தெரியாது, தின்னா மட்டும் தெரியும். முதல் பரிசுன்னு பதினோரு நீல ரிப்பன், ராலீன், பதினொண்ணும் அந்த ஆப்பிளுக்குத்தான் கட்டியிருக்கணும்.

போன வருஷம் மட்டும்தான் போச்சு. நடுவுல வேகலன்னு சீட்டுல எழுதியிருந்தாங்க. ஊருக்கே தெரியற மாதிரி ஊசி குத்தி வச்சிருந்தாங்க அந்தச் சீட்டை. நான் என்ன பண்ணேன், பழி முழுக்க டின்னு மேல போட்டேன். என் மாமியாரோட டின்னு, மூலையெல்லாம் மடிச்சு அடிச்சது, கோவில் சுவர் மாதிரி நிக்கும். கோவம் வந்துச்சு, அன்னைக்கு சாயங்காலமே அதை ஏலத்துல போட்டுட்டேன்.

...உண்மையைச் சொல்லவா? டின்னு மேல தப்பில்ல. அந்தக் கேக்கைச் சுட்ட அன்னைக்கு நான் நெட்டுல ஒரு டீ பானைக்கு ஏலம் கேட்டுக்கிட்டிருந்தேன். நாலு பத்துக்கு ஏலம் முடியுது. கேக்குக்கு இன்னும் முக்கால் மணி நேரம் வேணும். ஒருத்தி விடாம கேட்டுக்கிட்டே இருந்தா, எழுந்து எழுந்து போக முடியல, சரின்னு நாலு மணிக்கே ஓவன்லருந்து எடுத்து வச்சுட்டு வந்து உக்காந்துட்டேன். பானை எனக்குத்தான் விழுந்துச்சு. மூடி இல்லாம வந்துச்சு. மூடி இல்லன்னு அதுலயும் கீழதான் எழுதியிருந்துச்சாம்.

கென்னுக்கு இது தெரியாது. சொல்லிறாதே.

டின்னை வாங்கினது யாருன்னுதான் புரியல. பேரு இல்ல, வெறும் தபால் பெட்டி. நாப்பத்தொண்ணு. நம்ம ஊரு பெட்டிதான், அந்தா உனக்குப் பின்னால இருக்கே, அதுல ஒண்ணு. நீதான அன்னைக்கு ஸ்டாம்பு ஒட்டினே. யாருடின்னு கேட்டேன், சொல்லக் கூடாதுன்னுட்டே. சரிதான், சட்டம்னா சட்டம். திருப்பிக் குடுங்க, ரெண்டு மடங்கு தர்றேன்னு மூணு தடவை செய்தி அனுப்பிட்டேன். பாத்துட்டாங்கன்னு காட்டுது, பதில்தான் இல்ல. 'அருமையான டின்'னு எனக்கு அஞ்சு நட்சத்திரம் மட்டும் போட்டு வச்சிருக்காங்க. என்ன ஜென்மமோ.

நீ மட்டும் அந்தப் பெட்டிக்காரங்களைப் பாத்தா ஒரு வார்த்தை சொல்லு. கிளெனிஸ் கேட்டான்னு. அழுதான்னு வேணாம், கேட்டான்னு சொல்லு... உன் முகம் ஏன் இப்படிச் சிவக்குது? கதவைத் திறந்து வைம்மா, உள்ள புழுங்குது.

எங்க கிளம்பிட்டே? 'அஞ்சு நிமிஷத்துல வருவேன்' பலகையை மாட்டறே, பதினொண்ணுதான ஆகுது? மளிகைக் கடைக்கா? போ, போ, நான் இங்கயே நின்னு பாத்துக்கறேன். ஆமா, ஆப்பிள் வாங்கறதா இருந்தா பச்சையா, கெட்டியா பாத்து எடு ராலீன். அந்தாளு அடியில அழுகினதா வச்சிருப்பான். நாம ஏமாறக் கூடாது பாரு."

கிளெனிஸ் அன்று மதியமே நான்கு ஓட்டைகளையும் மைதா உருண்டையால் அடைத்து அந்த டின்னிலேயே கேக் சுட்டாள். அதற்கு மூன்றாம் பரிசு கிடைத்தது. அடியில் நான்கு பருக்கள் இருப்பதாக நடுவர் சீட்டில் எழுதியிருந்தார். ராலீன் ஷுல்ட்ஸுக்கு முதல் பரிசு, நீல ரிப்பன். மூலைகள் குறிப்பாகப் பாராட்டப்பட்டன. அடுத்த ஆண்டும் அவளே வென்றாள். டின்னை அவள் திருப்பிக் கொடுக்கவில்லை. நாற்பத்தொன்றாம் எண் பெட்டி இன்றும் அவள் பெயரில்தான் இருக்கிறது. கவுண்டருக்கு எதிர்ப்புறம் நிற்கிறவர்களுக்கு எப்போதும்போல் கத்தரிக்கோலும் கொடுக்கிறாள்.