பல் நெருங்கிய வாள் அறுந்தது குறித்து

என் பெயரும் முகவரியும் முதல் தாளில் பதியப்பட்டுள்ளன. அகவை நாற்பத்து நான்கு. மரம் அறுக்கும் எங்கள் பட்டறையில் பலகைகளுக்கு மெருகிடுவது என் தொழில். காவலில் இருப்பவர் என் கணவர். கை வெட்டுண்டு மருத்துவமனையில் கிடப்பவன் என் உடன்பிறந்த தம்பி. பல் உடைத்த வாளை வேண்டுமென்றே எந்திரத்தில் மாட்டித் தம்பியைக் கொல்ல முயன்றார் என்று என் கணவர்மீது புகார் கொடுத்தவள் தம்பியின் மனைவி.

நேற்றுக் காலை, அலமாரிக் கதவுகளுக்காக, இரும்பென இறுகிய கட்டையொன்றை நெடுகப் பிளந்து மெல்லிய பலகைகளாக்க வேண்டியிருந்தது. அதற்கெனக் கணவர், அங்குலத்துக்கு மூன்றே பற்கள் கொண்ட அகன்ற வாளை, இரு சக்கரங்களில் வளையமாய் வாள் சுழலும் பேண்ட்சா எந்திரத்தில் மாட்டினார். அதைக் கண்ட தம்பி, "என்ன மாமா, பல்லு போன கிழவியக் கூட்டிட்டு வந்து எலும்பு கடிக்கச் சொல்றீங்க?" என்றான். கணவர், "வாய் நிறையப் பல்லு இருந்தா தூளைத் துப்ப இடம் ஏது மாப்ளே? நீயும்தான் முப்பத்திரண்டும் வச்சிருக்கே, பேச்சைத் தவிர எதைக் கடிச்சே?" என்றார். பட்டறையில் சிரிப்பெழுந்தது. தம்பி சிரிக்கவில்லை.

அதன்பின்னர் கணவர் மற்றவர்களை அழைத்துக்கொண்டு சுமை இறக்கத் தெருவுக்குச் சென்றார். அதன்பின்னர் தம்பி அவ்வாளைக் கழற்றி ஆணியில் தொங்கவிட்டு, பல் நெருங்கிய, ஒடுங்கிய வாளைப் பூட்டி, சக்கரத்தின் மூடியைத் தாழிடாமலே கட்டையைத் தள்ளத் தொடங்கினான். வஞ்சம் அவனிடத்திலும் இல்லை. கடிய மரத்துக்கு மிகுதியான பற்கள் வேண்டும் என்றே அவன் மெய்யாக நம்பினான். கருகல் நாற்றம் வரவே நான் நிமிர்ந்து பார்த்தேன். அறுக்கும் ஓசை அலறலாக மாறியிருந்தது. நிறுத்தச் சொல்லி நான் எழுவதற்குள் வாள் அறுந்து, ஒரு முனை கட்டையில் சிக்க, மறுமுனை திறந்த மூடிவழியே சீறி அவன் முன்கையைக் கிழித்தது.

அதன்பின்னர் ஓடிவந்த கணவர் தம் சட்டையைக் கழற்றிக் காயத்தைக் கட்டி, அவனை வண்டியில் ஏற்றினார். நானும் உடன் சென்றேன். வழியில் தம்பி, "மாமா, பிளேடை மாத்தினது நான்னு என் வீட்டுக்காரிகிட்ட சொல்லிடாதீங்க. தனியாப் பட்டறை போடுவேன்னு சொன்னதை இப்பதான் நம்ப ஆரம்பிச்சிருக்கா" என்றான். கணவர், "சொல்லலடா. நீ கையைத் தூக்கியே வச்சிரு" என்றார்.

அதன்பின்னர் பட்டறைக்கு வந்த தம்பி மனைவி, காலையில் என் கணவர் மாட்டியது அதுவே என்று அங்கே கேட்டறிந்து, ஆணியில் தொங்கிய வாளின் அகன்ற இடைவெளிகளைக் கண்டு, பற்கள் உடைக்கப்பட்டதாகக் கருதினாள். கணவனின் குருதி தரையில் கிடக்கக் கண்டவள் வேறென்ன கருதுவாள்? அதன்பின்னர் அதிகாரி வினவியபோது என் கணவர், பிளேடை மாட்டியது தாமே என்று மட்டும் கூறி வாய்மூடினார்.

அறுந்த துண்டு கட்டைக்குள்ளேயே இருக்கிறது. எவரும் தொடவில்லை. அதன் பல்லிடுக்குகளில் கருகிய தூள் அடைந்திருப்பதையும், அறுப்பு வில்லென வளைந்திருப்பதையும் நேரில் வந்து காணலாம். ஆணியில் தொங்கும் வாளில் ஒரு பல்லும் உடையவில்லை.

தம்பியைக் குற்றவாளியாக்க நான் இங்கு வரவில்லை. அவன்மீது வழக்கு வேண்டாம். என் கணவரை விடுவிக்க வேண்டுகிறேன். வாக்குக் கொடுத்தவர் அவர், நான் கொடுக்கவில்லை. தம்பி மனைவி வெளியே விசிப்பலகையில் அமர்ந்திருக்கிறாள். ஒப்பமிட்டபின் நானே சென்று அவளிடம் இதைச் சொல்வேன்.

இதுவரை உரைத்தவை நான் கண்டவையும் கேட்டவையுமே. படித்துக்காட்டப்பட்டது, திருத்தம் இல்லை.

(கையொப்பம்)