இத்தாலியில் மதியச் சாப்பாடு

"தினமும் இத்தாலியிலதான் சாப்பிடுறேன்னு சொல்லிட்டேண்ணே."

பர் துபாய் போகும் பஸ்ஸில் என் முன் சீட்டில் இருந்த டிரைவர் பையன் இப்படிச் சொன்னான். சர்வீஸுக்கு விட்ட கம்பெனி வண்டியை எடுக்கப் போகிறான் என்று பேச்சில் தெரிந்தது. இங்கே இன்டர்நேஷனல் சிட்டியில் ஒரு பகுதிக்கு இத்தாலி என்று பெயர். நம் ஆட்கள் நெருக்கியடித்துத் தங்கும் இடம். அவன் பக்கத்தில் இருந்தவர் வயதில் மூத்தவர்.

"யாருகிட்டடா சொன்ன?"

"புது மேனேஜர்கிட்ட. அவரு நெஜ இத்தாலிக்காரரு, இப்பதான் வந்திருக்காரு. எங்க சாப்பிடுவேன்னு கேட்டாரு. இத்தாலி சார்னேன். சந்தோஷத்துல தோளைத் தட்டினாரு."

"உடனே வெவரத்தைச் சொல்ல வேண்டியதுதானே?"

"என் இங்கிலீஷுல எப்படிண்ணே சொல்றது? அவங்கம்மா சமையல் மாதிரி இருக்குமான்னு கேட்டாரு. எஸ் சார்னுட்டேன். இன்னைக்கு மத்தியானம் கூட்டிட்டுப் போகணும்."

"அங்க மலபார் மெஸ்ஸும் பரோட்டா கடையும்தானடா இருக்கு!" மூத்தவர் சிரித்தார்.

"சிரிக்காதீங்கண்ணே. ரெண்டு டிரைவர்ல ஒருத்தனை இந்த மாசம் ஊருக்கு அனுப்பப் போறாங்க. யாருன்னு அவருதான் சொல்லணும். கேலி பண்ணிட்டேன்னு நெனச்சா கலாஸ், என் வேலை முடிஞ்சுது."

"மால்ல பெரிய இத்தாலி ஹோட்டல் இருக்கும். அங்க விட்டுடு."

"நீ சாப்பிடுற கடைக்குத்தான் வருவேன்னு சொல்லிட்டாரே."

போன் அடித்தது. ஓடுகிற பஸ்ஸில் எழுந்து நின்று பேசினான். "எஸ் சார். இத்தாலி, சார்." பேசி முடித்து உட்கார்ந்தான்.

"என்னவாம்?"

"காலையில ஒண்ணும் சாப்பிடலையாம்ணே. பசியோட வர்றாராம்."