ஊறுகாய்ப் புல்லு

...கிட்ட வந்து மோந்து பாருங்க பாய். மூக்கப் பொத்துனா எப்படி? ஒரு மாசமா இத மோந்துக்கிட்டுத்தானே நான் குடித்தனம் நடத்துறேன். இதத்தான் மாடு விரும்பித் திங்கும்னு சொன்னானுங்க. இதையா? கருப்பா, கொழகொழன்னு, கையில அள்ளுனா விரல் சந்துல ஒழுகுது. பன்னிகூடத் திங்காது இத... அட, மன்னிச்சிக்குங்க, உங்க முன்னாடி வாய் தவறி வந்திடுச்சி. ஆத்தாமை பாய், ஆத்தாமை.

கயித்த அப்புறம் அவுக்கலாம் இருங்க. லோரி எங்க ஓடிடப் போவுது. மாட்ட விக்கிறேன்னு சொல்லிட்டேன்ல, சொன்னா சொன்னதுதான், வீரம்மா வாக்கு மாற மாட்டா. ஆனா எதுக்கு விக்கிறேன்னு தெரிஞ்சிக்கிட்டு ஓட்டிக்கிட்டுப் போங்க. நாளைக்கு சித்தியவான்ல வாங்குறவன் கேப்பான், என்னா தாவூத் பாய், மாடு இப்படி எலும்பாக் கெடக்குதேன்னு. சீக்கு மாடுன்னு சொல்லிடாதீங்க. செங்கமலத்துக்கு ஒரு சீக்கும் கெடையாது. பசிலா. வெறும் பசி. என் வீட்டுல கன்னுக்குட்டியா வந்து, என் கையால தின்ன மாடு, என் வீட்டுலயே பசியில நிக்குது. அதப் பாத்துக்கிட்டு எனக்கு சோறு எறங்குமா? அதுக்குத்தான் விக்கிறேன். எங்கயாச்சும் போயி வயிறு நெறயத் தின்னட்டும்.

ரப்பர் பால்மரம் இருந்த வரைக்கும் புல்லுக்கு என்னா பஞ்சம்? மரத்தடியில கொண்டு போயி கட்டிட்டு பால் வெட்டுக்குப் போனா, திரும்பி வாரதுக்குள்ள வயிறு இப்படிப் பொடச்சிக்கிட்டு நிக்கும். எம்பத்து மூணுல எஸ்டேட்ட வித்தானுங்க. பாதிய வீடு கட்டுறவன் வாங்கிட்டான், மீதியில எண்ணெய்க்குச் செம்பனை நட்டுட்டானுங்க. செம்பனைக்கு அடியில ஒரு புல்லு மொளைக்க விடுவானா? மொளைக்கிறதுக்கு முன்னாடியே மருந்தடிச்சிடுறான். அந்த மருந்தடிக்கிற வேலைக்கும் நம்ம சனந்தான் போவுது. நம்ம மாட்டுக்கு நம்மளே எமன்.

சரி, புல்லுக் கதைக்கு வாரேன். ஈப்போவுல மாட்டு ஆபீஸ்ல கோர்ஸ் குடுக்குறாங்கன்னு எங்க வீட்டுக்காரரும் அந்தப் பத்துமலையும் போனாங்க. பத்துமலை, அதான், கடைசி வீட்டுல ரெண்டு மாடு வச்சிருக்கானே, அவன். இவரு கோர்ஸ்ல தூங்கியிருப்பாரு, எனக்குத் தெரியாதா? ரப்பர் ஸ்டோர்ல வேல செஞ்ச காலத்துலயே மிசினு ஓட ஓட நின்னுக்கிட்டே தூங்குன மனுசன். திரும்பி வாரப்ப கையில ஒரு சுருள் பிளாஸ்டிக்கு, ஒரு பொட்டலம் பொடி. முகத்துல அப்படி ஒரு பவுசு.

என்னாங்க இதுன்னேன். புல்ல நறுக்கி, குழியில போட்டு, காத்து இல்லாம மிதிச்சி, பிளாஸ்டிக்கு போட்டு மூடிட்டா கெடாதாம். புல்லு இல்லாத காலத்துல எடுத்து எடுத்துப் போடலாமாம். புல்லுக்கே ஊறுகாய் போடுறீங்களான்னு கேட்டேன். சிரிச்சாரு. சரி, பொடி எதுக்குன்னேன். பொடியில பூச்சி இருக்குதாம். உசிரோட. கண்ணுக்குத் தெரியாதாம். அதுகூட இன்னொரு சாமான், என்னமோ என்சைமாம், அது புல்லோட நார அறுத்து சக்கரையா ஆக்குமாம், அந்தப் பூச்சி சக்கரையத் தின்னுட்டுப் புளிப்பாக்குமாம். நான் கேட்டேன், தஞ்சோங் ரம்புத்தான் பஸ்ஸு இப்ப வரும், பைத்தியக்கார ஆசுபத்திரி வாசல்லயே எறக்கி விடுவான், ஏத்தி விடவான்னு.

அப்பவும் விடல. கம்போங்குல மலாய்க்கார மக்சிக் சோத்தப் புளிக்க வச்சி தப்பை செய்யறப்ப ரகிப் பொடி தூவி மூடி வைக்கிறால்ல, அது மாதிரிதான் வீரம்மாங்குறாரு. தப்பை திங்கிறது மனுசன். மாடு எந்தக் கல்யாணத்துக்குப் போயி தப்பை கேட்டுச்சி? ஏன் பாய், உங்க வாப்பா காலத்துல மாட்டு யாவாரம் பண்ணலியா, பொடி போட்டா பண்ணுனாரு? அந்த ஆபீஸ்காரனுங்களுக்கு நாற்காலியில உக்காந்து பொழுது போவல. படிச்ச போடோ, படிக்காத போடோவுக்கு கோர்ஸ் குடுக்குது, முட்டாளுக்கு முட்டாளு வாத்தியாரு.

இருந்தாலும் செஞ்சேன். செய்யலேன்னு யாரும் சொல்ல முடியாது. ஆத்தோரம் போயி யானைப் புல்லு வெட்டுனது யாரு? நான். நறுக்குனது? நான். மிதிச்சது? இந்த முட்டிய வச்சிக்கிட்டு நான்தான் மிதிச்சேன். தீமிதிக்குக்கூட நான் இவ்வளவு மிதிச்சதில்ல. இவரு மேல நின்னு, அந்த மூலையில மிதி, இந்த மூலையில மிதின்னு கங்காணி மாதிரி மண்டோர் வேல பாக்குறாரு.

மூடி வச்சி, தொறக்கச் சொன்ன நாள்ல தொறந்தா... இதான். நீங்க மோந்தீங்கல்ல. நான் அங்கயே ஓங்கரிச்சிட்டேன். செங்கமலம் ஒரு தடவ மூக்க நீட்டிட்டு, மூஞ்சத் திருப்பிக்கிச்சி பாருங்க, அதுக்கப்புறம் அந்தப் பக்கமே திரும்பல.

பத்துமலை குழி எப்படி வந்துச்சா? நீங்களும் அதையே கேளுங்க. ஊரே அதத்தான் கேக்குது. நல்லாத்தான் வந்துச்சி. அவன் பொண்டாட்டி காளியம்மா ஒரு பிடி அள்ளிக்கிட்டு வந்து என் மூக்குல நீட்டுறா. மஞ்ச மஞ்சேன்னு, புளியும் இனிப்புமா ஒரு வாட. அக்கா, எங்க மாடு போட்டி போட்டுத் திங்குதுங்குறா. அன்னைக்கி ராத்திரி எனக்குத் தூக்கம் இல்ல. வெல்லப்பாகு ஊத்தியிருப்பாளுக, வேற என்னா. அவ புருசனும் அதே பொடிதான் வாங்குனான், எங்க வீட்டுக்காரரும் அதே பொடிதான் வாங்குனாரு. நம்மளுக்கு மட்டும் செத்த பூச்சியக் குடுத்துட்டானுங்க அந்த ஆபீஸ்ல. ஆளு பாத்துத்தான் குடுப்பானுங்க.

எங்க பக்கம் ஒரு தப்பும் கெடையாது. இவரு ஒரு தப்பு பண்ணப் பாத்தாரு, அதையும் நான்தான் காப்பாத்துனேன். கேளுங்க. மொத நாளு சாயந்தரமே பொடியக் கரைச்சி வாளியில மூடி வச்சிட்டாரு. காலையில தொறந்தா, புளிச்ச வாட, மேல லேசா நொர. இவரு தேமேன்னு கோப்பி குடிச்சிக்கிட்டு இருக்காரு. மனுசனுக்கு ஒரு பதைப்பு வேணாம்? கெட்டுப் போவுதே, ஏதாச்சும் செய்யணுமேன்னு தோண வேணாம்?

நான் கல்யாணம் ஆன நாள்லேருந்து பால் வெட்டுனவ பாய். வெயிலடிச்சா, மழ தூறுனா, வாளியில ரப்பர் பாலு புளிச்சிப் போயி கட்டி தட்டிரும். கட்டியாக் கொண்டு போனா மண்டோர் பேசுற பேச்சு காதுல கேக்க முடியாது. அதுக்கு நாங்க என்னா பண்ணுவோம்? அமோனியா. ரெண்டு சொட்டு விட்டா புளிப்பு அப்படியே நின்னிடும். பாலு தண்ணியாவே ஸ்டோருக்குப் போவும். பால் வெட்டுற எந்தப் பொம்பளையையும் கேளுங்க. எஸ்டேட்டு மூடுறப்ப ஒரு போத்தல் எடுத்து வச்சிருந்தேன், அடுப்புக்கு மேல, தகர டப்பாவுக்குப் பின்னாடி. அத எடுத்தேன், இவரு பாக்காதப்ப வாளியில ஊத்திட்டேன். ரெண்டு சொட்டா? வாளி பெருசுலா பாய். அர போத்தல் ஊத்துனேன். ஒரு நிமிசத்துல புளிச்ச வாட போயே போச்சி. இவருக்கு இன்னைக்கி வரைக்கும் தெரியாது. எந்த நல்லதத்தான் இவருக்கிட்ட சொல்லிட்டு செய்ய முடியும்?

...என்னா பாய் அப்படிப் பாக்குறீங்க?

என்னாது? அப்பத்துக்கு மாவு பொங்க வச்சிட்டு அதுல அமோனியா ஊத்துவேனான்னா? நான் எதுக்கு ஊத்துறேன். மாவு பொங்கணும்ல. இது வேற... இது புல்லு.

பூச்சி செத்திருக்குமா? செத்தா சாவட்டும்லா. மாட்டுத் தீனியில பூச்சி எதுக்கு... புளிக்க வைக்கத்தான் பூச்சியா? ஆமா, அவரும் அதத்தான் சொன்னாரு. சொன்னாரு. புளிச்சாத்தான் கெடாதுன்னு சொன்னாரு... அவரு ஆயிரம் சொல்லுவாரு. எல்லாத்தையும் காதுல வாங்கிக்கிட்டு இருந்தா வேல நடக்குமா?

அந்தப் பக்கம் போவாதீங்க பாய். அந்த டயரு அடுக்கி வச்சிருக்கது இன்னொரு குழி. சிலிம் ரிவருல என் மகளுக்குப் பிரசவம்னு நான் போயிருந்தப்ப, இவரு தானே ஒத்தையில போட்டது. மீதிப் பொடியக் கரைச்சி, ஒத்தையில மிதிச்சிருக்காரு. நான் கூட நின்னு போட்டதே இந்த லட்சணம்னா, அது எப்படி இருக்கும்? தொறந்து பாத்துட்டு அப்புறம் மாட்ட வில்லுன்னாரு. ஒரு நாத்தம் போதும், ரெண்டாவது நாத்தம் வேணாம், தொட்டீங்கன்னா நடக்குறது வேறன்னு சொல்லிட்டேன். காலையில உங்க லோரி சத்தம் கேட்டதும் எந்திரிச்சிப் போனவருதான். பசியாறல. மாடு போறதப் பாக்க மாட்டாராம். அப்ப நான் மட்டும் பாக்கணுமா? எனக்கு மட்டும் நெஞ்சு என்னா ஈயத்துலயா செஞ்சி வச்சிருக்கு?

பாய், டயரத் தூக்காதீங்கன்னு சொல்றேன்ல. சொன்னா கேக்க மாட்டீங்களா? சரி, தூக்குங்க. உங்க சட்டதான் நாறப் போவுது, எனக்கென்னா. பிளாஸ்டிக்க ஒரு ஓரமாத் தொறங்க, முழுசா வேணாம்...

...

ம். பத்துமலை வீட்டு வாட மாதிரிதான் இருக்கு.

இல்ல, அதவிட... கொஞ்சம் தள்ளுங்க. கையில குடுங்க. ஈரம் ஒட்டல. நிறம் பாருங்க, வெளஞ்ச எலுமிச்ச மாதிரி. ஆத்தோரப் புல்லு நல்ல புல்லுல்ல பாய், அதான். மத்தபடி அந்த ஆபீஸ்காரன்...

ஏய். ஏய் செங்கமலம், நில்லு. யாரு கயித்த அவுத்தது? நீங்க அவுக்கலியா? அறுத்துக்கிட்டா வந்திச்சி? இருங்க, புடிக்காதீங்க. விடுங்க பாய், விடுங்க. திங்கட்டும். எத்தன நாளு கழிச்சி வாயத் தொறக்குது. மெதுவாத் தின்னுடி, யாரும் புடுங்கிக்க மாட்டாங்க. காது ரெண்டையும் எப்படி ஆட்டுது பாருங்க. என் கண்ணு.

ஒண்ணுமில்ல, தூசி விழுந்திடுச்சி.

பாய், லோரியத் திருப்பிக்குங்க. வாக்கா? என்னா வாக்கு? மாடு திங்கிறதப் பாத்தப்புறம் அது வாயிலேருந்து புடுங்கி ஏத்திக்கிட்டுப் போவீங்களா? உங்களுக்கு மனசு வராது, எனக்குத் தெரியும். உள்ள வாங்க, கோப்பி குடிச்சிட்டுப் போங்க. வேணாமா? சரி.

போற வழியில பாலத்துக் கட்டையில எங்க வீட்டுக்காரரு உக்காந்திருப்பாரு. தலையத் தொங்கப் போட்டுக்கிட்டு இருப்பாரு, அடையாளம் கேக்கவே வேணாம். மாட்ட ஏத்தலேன்னு சொல்லுங்க. வீட்டுக்கு வரச் சொல்லுங்க. அவரு குழிய... வேணாம், குழியப் பத்தி நான் சொல்லிக்கிறேன். பசியாற எடுத்து வச்சிருக்கேன்னு மட்டும் சொல்லுங்க.

அமோனியா போத்தலப் பத்தி அவருக்கிட்ட மூச்சு விட்டீங்க பாய், அதுக்கப்புறம் இந்தப் பக்கம் தல வச்சிப் படுக்க முடியாது. ஆமா.